இரண்டு மணிக்கு இடது பக்கம்

பக்கவாதம் வந்து, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு நாள் கிடந்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு என் மனைவி திரும்பியபோது அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. ‘சரி’ என்ற சொல். வலிக்கிறதா என்றாலும் சரி, விளக்கை அணைக்கட்டுமா என்றாலும் சரி. முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் என்னிடம் அவள் சொல்லியே அறியாத சொல் அது. மூளையின் எந்த மூலையில் அதை இத்தனை காலம் ஒளித்துவைத்திருந்தாள் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மருத்துவர் சொன்னது வேறு. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில்தான் பாலும் கஞ்சியும். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு படுக்கைப் புண். “சுகர் இருக்கு. புண்ணு ஆழமாச்சுன்னா ஆறாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும். நுரையீரல்ல ஏற்கெனவே ஒரு தடவ சளி கட்டி மீண்டிருக்காங்க. இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாங்க சார்” என்றார். இன்னொரு தடவை என்று சொல்லும்போது பேனாவை மூடினார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வது என் தொழில்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். விடுப்பு விதி, இருப்புப் பதிவேடு, தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதும் முறை, எதைக் கேட்டாலும் பிரிவு எண்ணோடு சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த நிலையில்தான் எனக்கு ஒரு ஊழியர் கிடைத்தார்.

பகலில் நானும் வேலைக்கார அம்மாவும் பார்த்துக்கொள்வோம். இரவுக்கு ஆள் வேண்டும். என் மனைவியின் தம்பி பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவன். சிதம்பரத்தில் வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒருவரைப் பிடித்து ஏற்பாடு செய்தான். வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கிள்ளைப் பக்கம் கடற்கரை ஊரில் மீன்பிடிக் குடும்பம். ஒரு நர்சிங் ஹோமில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர், இப்போது சிதம்பரத்தில் வாடகை வீடு. தினமும் சாயங்காலம் பஸ் ஏறி ஏழரைக்கு வருவார். காலை ஏழுக்குப் போவார்.

அவருக்காக நான் ஒரு நிலையாணை, தினமும் அப்படியே பின்பற்ற வேண்டிய விதிகளின் பட்டியல், தயாரித்தேன். முப்பத்தொரு இனங்கள். செருப்பை எங்கே கழற்றுவது என்பதில் தொடங்கி, சிறுநீர்ப் பையின் அளவை எந்தக் கண்ணாடிக் குவளையில் பார்ப்பது, எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவது, கைபேசியை எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாய்வு நாற்காலி கொடுத்தால் கண் அசரும் என்பதால் கொடுக்கவில்லை. அந்தக் காரணத்தை மட்டும் எழுதவில்லை. தட்டச்சு செய்து, கண்ணாடித் தாள் ஒட்டி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். கூடவே ஒரு நீளப் பதிவேடு. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பால், திருப்பியது, சிறுநீர், குறிப்பு, ஒப்பம்.

மச்சான் சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“என்னா மாமா, முப்பத்தொண்ணு இருக்கு? எங்க அக்கா ஒடம்புல அவ்ளோ பாகம் இல்லியே.”

“உனக்கு இதெல்லாம் புரியாது மச்சான். முந்திரி எடை போடற ஆளு நீ.”

“நீங்க ரிட்டயர் ஆன ஆர்டர் இன்னும் கைக்கு வரலன்னு நெனைக்கிறேன். ஒரு நகல் வாங்கிட்டு வரட்டுமா?”

கட்டிலிலிருந்து என் மனைவி “சரி” என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தப் பெண் நின்றபடியே முப்பத்தொன்றையும் படித்து முடித்தார். பிறகு சொன்னார்: “தூங்கக் கூடாதுன்னு மூணு எடத்துல போட்டிருக்கீங்க சார்.”

“ஆமா.”

“ஒரு எடத்துல போட்டாலே போதும் சார். படிக்கத் தெரியும்.”

முதல் வாரத்தில் அவர் எழுதிய பதிவுகளை ஒவ்வொரு நாள் காலையிலும் தணிக்கை செய்தேன். எல்லாம் ஒழுங்கு. ஒரு குறைதான். இரண்டு மணிக்குப் பால் கொடுத்ததாக எழுதியிருந்தார், திருப்பியது 2.45. பால் கொடுக்கும் இன்னொரு வேளையான பத்து மணிக் கட்டத்திலும் அப்படியே, திருப்பியது 10.45. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன்: ‘நாற்பத்தைந்து நிமிடத் தாமதம் வழக்கமாகி வருகிறது. விளக்கம் தருக.’

அவர் அதைப் படித்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் பதிவேட்டைத் தட்டி, “எழுத்துல குடும்மா” என்றேன். என்னிடம் வேலை பார்த்த ஒருவரிடமும் வாய்மொழி விளக்கத்தை நான் ஏற்றதில்லை. வாய்மொழி கோப்பில் நிற்காது. அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே வரி எழுதினார்: ‘இனி நேரத்துக்குச் செய்கிறேன்.’ என் அனுபவத்தில் விளக்கங்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அன்றிரவு முதல் பதிவுகள் நேராகிவிட்டன. 2.00 பால். 2.00 இடது பக்கம். அச்சடித்த மாதிரி.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. புண் சுருங்கியது. ஐந்து ரூபாய்க் காசு ஒரு ரூபாயாகி, பிறகு பொட்டாகி, மேலே இளஞ்சிவப்பில் தோல் வந்தது. வந்து பார்த்த மருத்துவர், “யாரு பாத்துக்கறாங்க? நல்லா பாத்துக்கறாங்க” என்றார். நிலையாணையைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நான் தூங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதப் பிறவி பிளாஸ்டிக் நாற்காலியில் கண் மூடாமல் இருக்கும் என்று நம்புகிறவன் முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்திருக்க மாட்டான். வாரத்தில் இரண்டு மூன்று இரவு எழுந்து, கூடத்து இருட்டில், அறைக் கதவு இடுக்கு வழியே பார்ப்பேன். அலுவலகத்தில் இதற்குத் திடீர் ஆய்வு என்று பெயர். ஒரு தடவைகூட அவர் தூங்கிப் பார்க்கவில்லை. சில சமயம் என் மனைவியின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை விட்டு, அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எதைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்காது. சில சமயம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். அவள் சரி, சரி என்பாள். அந்தச் சரிகளில் ஏற்ற இறக்கம் இருந்தது. எனக்குக் கிடைக்கும் சரிகளில் இல்லை.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு இரவு, இரண்டு இருபதுக்கு நான் கதவிடுக்கில் நிற்காமல் நேராக உள்ளே போனேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆய்வு அலுவலர்களுக்கு ஒரு கட்டத்தில் குற்றம் கிடைத்தே ஆக வேண்டும் என்ற பசி வந்துவிடும்.

பதிவேடு மேசையில் திறந்திருந்தது. இரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. 2.00 பால். 2.00 இடது பக்கம். ஒப்பம். கட்டிலில் என் மனைவி தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு, மல்லாந்து சாய்ந்திருந்தாள். இடதும் இல்லை, வலதும் இல்லை.

“இது என்னம்மா?”

அவர் எழுந்து நின்றார். “இப்பதான் சார் பால் குடுத்தேன். செத்த நேரம் ஆவட்டும். வயித்துல எறங்கிட்டா திருப்பிடறேன்.”

“நோட்டுல திருப்பியாச்சுன்னு இருக்கு.”

“ஆமா சார்.”

“ரெண்டு மணிக்குத் திருப்பினதா ஒப்பம் போட்டிருக்க.”

“ரெண்டே முக்கால்னு உண்மைய எழுதினா செவப்புப் பேனால எழுதுறீங்களே சார்.” குரலை உயர்த்தவில்லை. நோயாளி பக்கத்தில் இருக்கும்போது அவர் உயர்த்துவதே இல்லை. “செய்யறத செஞ்சிட்டு, நீங்க கேக்கறத எழுதினேன்.”

“நாலு மாசமா?”

“நாலு மாசமாத்தான்.”

பொய்ப் பதிவுக்கு விதியில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். மற்ற எதையும் நான் காதில் வாங்கவில்லை. ‘வயிற்றில் இறங்கட்டும்’ என்று அவர் சொன்னதை, முப்பத்து நான்கு வருடமாகக் கேட்ட சாக்குகளின் வரிசையில் கடைசியாகச் சேர்த்துவைத்தேன். காலையில் சொன்னேன், இனி வர வேண்டாம் என்று. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். கட்டிலருகே போய் என் மனைவியின் நெற்றியைத் துடைத்தார். “போயிட்டு வர்றேம்மா” என்றார். “சரி” என்றாள் அவள், உதடு கோண.

வாசலில் என்னிடம், “மாத்து ஆளு வர்ற வரைக்கும் யாரு சார் பாப்பாங்க?” என்றார்.

“நான்தான். எனக்குத் தெரியாததா?”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படி இறங்கினார்.

மாற்று ஆளுக்கு மூன்று நாள் ஆகும் என்றார்கள். அன்றிரவு நானே பணியில் அமர்ந்தேன். செருப்பை உரிய இடத்தில் கழற்றினேன். கைபேசியை அலமாரியில் வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் முதுகு கேள்வி கேட்டது.

பத்து மணிக்குப் பால் கொடுத்து முடித்த நேரத்தில் மச்சான் வந்தான். பண்ருட்டிக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்க.

“அந்தம்மாவ அனுப்பிட்டீங்களாமே?”

“பொய்ப் பதிவு.”

“புண்ணு ஆறிச்சா இல்லியா மாமா?”

“அது வேற விஷயம்.”

“எனக்கு அந்த ஒரு விஷயந்தான் விஷயம். நோட்டப் பாத்துக்கறதுக்கா ஆளு வெச்சோம், அக்காவப் பாத்துக்கறதுக்கா?”

வாதம் நீண்டது. அவன் கிளம்பும்போது மணி பத்து நாற்பது. அவசரமாகத் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி அவளைத் திருப்பினேன். பதிவேட்டில் நேர்மையாக 10.40 என்று எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் என் பெயருக்கு எதிராகவே குறிப்பெழுதினேன்: ‘உறவினர் வருகையால் தாமதம். மீண்டும் நிகழாது.’ அதை எழுதியபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இரண்டு மணிக்கு அந்தத் தாமதம் நிகழவில்லை. 1.50க்குத் தொடங்கிப் பாலை இறக்கி முடித்தேன். சரியாக இரண்டுக்குக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைத் தட்டையாக்கினேன். இடது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். 2.00 பால், 2.00 இடது பக்கம், ஒப்பம். பேனாவை மூடும்போது அந்தச் சத்தம் கேட்டது. சாக்கடையில் தண்ணீர் இறங்குவது மாதிரி ஒரு சத்தம். அது அவள் தொண்டையிலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தபோது வாயிலும் மூக்கிலும் பால். தலையணை பூராவும் பால். இருமல் வரவில்லை, இரும முயன்று மார்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்கள் என்னைப் பார்த்தன. உதட்டோரம் நீலம் பரவத் தொடங்கியது. நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்: எதிர்ச் சுவரைப் பார்த்தேன். முப்பத்தொரு இனங்களையும் மேலிருந்து கீழாகப் படித்தேன். மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை. நோயாளியின் நிலையில் மாற்றம் தெரிந்தால் வீட்டு உரிமையாளருக்கு உடனடியாகத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டு உரிமையாளர் பால் ஒழுகும் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்தேன். காலையில் நான் அனுப்பிவிட்ட அந்தப் பெண்ணின் எண்ணைத்தான் அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சார்?”

“வாந்தி. பாலு. மூச்சு...”

“படுக்க வெச்சிட்டீங்களா? போன ஸ்பீக்கர்ல போட்டு கட்டில்ல வைங்க. வெச்சிட்டீங்களா? எந்தப் பக்கம் படுத்திருக்காங்க?”

“இடது.”

“அப்பிடியே இருக்கட்டும். மல்லாக்கப் போடாதீங்க. மொகத்த நல்லா கீழ பாத்த மாதிரி சாய்ங்க. தலகாணிய உருவுங்க. ரெண்டு வெரல்ல துணியச் சுத்தி வாயத் தொடைங்க. உள்ள தள்ளாதீங்க, வெளிய இழுங்க.”

இழுத்தேன். திரிதிரியாக வந்தது.

“மூக்கு டியூப்பு மூடியத் தெறந்து கட்டிலுக்குக் கீழ தொங்க விடுங்க. அடியில பேசின வைங்க. வயித்துல இருக்கறது அது வழியா வந்துரும்.”

விட்டேன். பேசினில் பால் சொட்டி, பிறகு ஒழுகியது. நான் இறக்கிய அத்தனையும்.

“மொதுகுல தட்டுங்க. கையக் குழிச்சுத் தட்டுங்க. எனக்குக் கேக்கணும்.”

தட்டினேன். ஒரு இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு மூச்சு, கிழிந்த துணி மாதிரி.

“வந்துச்சு, கேட்டுச்சு” என்றார் சிதம்பரத்திலிருந்து. “அம்மா, நான்தாம்மா. இருமுங்க. நல்லா இருமுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா சார்?”

“இல்ல.”

“லேண்ட்லைன் இருக்குல்ல? அதுல அடிங்க. இந்தப் போன வெக்காதீங்க, நான் இருக்கேன்.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் போனிலேயே இருந்தார். அவர்தான் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார், அவர் ஊர்ப்பக்கம் கடலில் காற்று எப்படி, பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்றெல்லாம். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது, நீலம் போன உதடுகளிலிருந்து ஒரு “சரி” வந்தது. அது எனக்கல்ல.

மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஆக்சிஜன் வைத்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலின் அடிப்பக்கம் பால் போயிருக்கிறது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார். நான் பழக்க தோஷத்தில் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் வாங்கிப் புரட்டினார். பண்ருட்டியிலிருந்து ஓடிவந்த மச்சானும் எட்டிப் பார்த்தான்.

“தெனமும் ரெண்டு மணிக்குப் பாலு, ரெண்டு மணிக்கே திருப்பினதுன்னு இருக்கே சார். பாலு குடுத்தா முக்கா மணி நேரம் தல ஒசரமா இருக்கணும். ஒடனே தட்டையா படுக்க வெச்சா இப்படித்தான் ஆவும். எந்த அட்டெண்டர் இது? நாலு மாசமா இதத்தான் பண்ணிட்டிருந்தாங்களா?”

“அந்தம்மாவ நேத்தே அனுப்பியாச்சு டாக்டர்” என்றான் மச்சான். அவன் முகத்தில் என்மேல் ஒரு மரியாதை வந்துகொண்டிருந்தது. “மாமா கண்டுபிடிச்சிட்டாரு.”

நான் அந்தப் பக்கங்களையே பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது; அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சான்றாவணம் முழுக்க என் பக்கம் இருந்தது. இரண்டு மணிக் கட்டத்தில் மட்டும் நூற்றுச் சொச்சம் ஒப்பங்கள், எல்லாம் அவருடையவை. ஒரு விசாரணை வைத்தால் பத்து நிமிடத்தில் குற்றம் நிரூபணமாகும். மருத்துவர் கோபமாக ஏதோ எழுதப்போனார்.

“அது பொய்ப் பதிவு டாக்டர்” என்றேன். “அந்தம்மா முக்கா மணி நேரம் காத்திருந்துதான் திருப்பினாங்க. இந்த நேரத்த நான் எழுத வெச்சேன். நேத்து ராத்திரிப் பதிவு மட்டுந்தான் உண்மை. அது என்னோடது.”

மருத்துவர் பேனாவை வைத்தார். மச்சான் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவன் கிண்டல் செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது சிதம்பரம் மருத்துவமனைக் கோப்பை எடுத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள், துளையிட்டு, எண்ணிட்டு, இரண்டாம் பக்கமாக இருந்தது. நிலையாணையை இதைப் பார்த்துத்தான் தயாரித்தேன். ஆறாவது வரி: ‘குழாய் வழி உணவுக்குப் பின் தலையை முக்கால் மணி நேரம் உயர்த்தியே வைக்கவும்.’ பென்சிலால் அதற்குப் பக்கத்தில் நானே ஒரு சிறிய கோடு போட்டிருந்தேன். கோடு எதற்கென்று நினைவு வந்தது. அந்த வரிக்கு மணி இல்லை. பத்து, இரண்டு என்று எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

இரண்டு நாள் தாண்டியது. ஆறாம் நாள், வீட்டுக்கு அழைத்துப்போகலாம், ஆனால் இரவுக்குத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் என்றார்கள். மாற்று ஆளாக வந்த பெண் மூக்குக் குழாயைப் பார்த்ததுமே இது தனக்குத் தெரியாது என்று பின்வாங்கினார். மச்சானை மருத்துவமனையில் உட்கார வைத்துவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. பதினொரு மணி வெயில். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையை உயர்த்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு வெளியே வந்தார்.

“தட்டாதீங்க. தூங்குது.”

“பதினோரு மணிக்கா?”

“ராவெல்லாம் எவன் வூட்லயோ கொட்டக் கொட்ட முழிச்சிட்டு வருது. பகல்லயும் தூங்க வேணாம்னா எப்பிடி? எழுப்பினா நாங்க சும்மா இருக்க மாட்டோம். ஒக்காருங்க.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். கைப்பிடிகூட இல்லாதது. நான் உட்கார்ந்தேன். முப்பத்தொன்றில், தூங்கக் கூடாது என்ற மூன்று இனங்கள் எனக்கு நினைவிருந்தன. இரண்டு மணி நேரம், ஒரு பெண் தூங்கி எழுவதற்காக, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி சுமாருக்குக் கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு அவர் என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்தார்.

“அம்மாவுக்கு...?”

“இருக்கா. இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு வர்றா.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். கோப்பின் ஆறாவது வரியைச் சொன்னேன்.

“நான் அன்னிக்கே வாயால சொல்லியிருக்கணும் சார். எழுத்துல குடுன்னீங்க. எனக்கு எழுதி எழுதிப் பழக்கமில்ல. எழுதினா சண்டையாவும்னு தோணுச்சு.”

“தப்பு என்மேல.”

“அது ஆமா” என்றார், தயங்காமல். பிறகு, “இப்ப வேற வூட்ல ஒரு பெரியவரப் பாத்துக்கறேன். அவுங்க பையன் ஞாயித்துக்கெழம வந்துர்றாரு. அப்பறம் வர்றேன். ரெண்டு விஷயம் இருக்கு.”

“சொல்லும்மா.”

“நடந்த மணிதான் எழுதுவேன். செவப்புப் பேனா வேணாம்.”

“சரி.”

“நீங்க ராத்திரி தூங்கணும். கதவுக்குப் பின்னால நிக்கறீங்கன்னு மொத வாரத்துலேருந்து தெரியும் சார். ஒங்க மூச்சு கேக்கும். அம்மா மூச்சக் கேக்க வுட மாட்டேங்குது.”

ஞாயிறுவரை, இளம் மருத்துவர் முன்னால் செய்துகாட்டி அவர் ஒப்புக்கொண்ட பிறகு, நானும் மச்சானும் வீட்டில் முறை போட்டுப் பார்த்தோம். தலைப்பக்கத்தை உயர்த்தியபடி, ஆளுக்கொரு கடிகாரத்தோடு, ஒருவரையொருவர் நம்பாமல். அவர் வந்த இரவு நான் ஒன்பதரைக்கே என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தூங்கினேன் என்று எழுதினால் அதுவும் பொய்ப் பதிவு. ஒன்றே முக்காலுக்கு விழித்துக் கிடந்தேன். சுவருக்கு அப்பால் கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். இரண்டு மணி. கட்டில் கைப்பிடி சுற்றும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு பத்து. எழுந்து உட்கார்ந்தேன். கால் தரையில் பட்டது. இரண்டு இருபது. ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சாக்கடைச் சத்தம் வரப்போகிறது என்று காது விறைத்திருந்தது. கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை தொட்டேன். அந்தப் பக்கம் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, என் மனைவி ஏற்றமும் இறக்கமுமாகச் சரி என்றாள். நான் திரும்பி வந்து படுத்தேன். என் மூச்சு அங்கே கேட்கிறதோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

கைப்பிடி சுற்றியபோது என் கைக்கடிகாரத்தில் 2.47.

காலையில் அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். 2.00 பால். 2.50 இடது பக்கம். மூன்று நிமிட வித்தியாசம். அதை இங்கே எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.